வால்வுக்கு ஒரு மூக்கணாங்கயிறு

என் வீட்டுக்காரர் வினோத்குமாருக்கு மிளகாய்த் தோட்டத்தில் ஆயிரம் வேலை கிடக்கும். அவரோ நடுவீட்டில் பாட்டுக் கேட்கிற பழைய வால்வு ஆம்பிளிபயரைக் கவிழ்த்துப் போட்டு ரெசிஸ்டர் மாற்றிக்கொண்டிருப்பார். வால்வு என்கிற கண்ணாடிக் குமிழுக்குள் கிரிட் என்று ஒன்று இருக்கிறதாம். அதற்கு முன்னால் நிற்கிற ரெசிஸ்டர்தான் மூக்கணாங்கயிறாம். அதைக் கழற்றிவிட்டால் பாட்டு இன்னும் துலக்கமாகக் கேட்கும் என்று யூடியூபில் எவனோ சொல்லிவிட்டான். கழற்றினார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெருநாய்களுக்குத் தெரிந்தது.

பாட்டு செட்டைப் போட்டதும் எங்கள் ஊர் உச்சிப்புளி நாய்கள் மொத்தமும் எதிர்வீட்டு வாசலில் கூடி, எங்கள் ஜன்னலைப் பார்த்து ஊளையிட்டன. நாய் ஊளையிட்டால் எமன் வந்துவிட்டான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. எதிர்வீட்டில் சின்னக்கருப்பன் மாமா ஒருத்தர்தான். கல்லு மாதிரி மனுசன். மறுநாளும் ஊளை கேட்கவே, எமன் தனக்குத்தான் என்று தானே போய்ப் படுத்துவிட்டார்.

சிக்கல் ஊரில் கட்டிக்கொடுத்த அவர் மகள் மகேஸ்வரி எப்போதும் செருப்பைக் கழற்றாமல் பேசிவிட்டுப் போகிறவள். இப்போது அழுதபடி பையோடு வந்து இறங்கினாள். அந்த வாரம் முழுக்க மாமா நண்டு ரசமும் கோழிக்குழம்புமாகச் சாகக்கிடந்தார். மகள் கால் பிடித்துவிட, கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். எனக்கே பொறாமையாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கரண்டு போனது. ஊளையும் நின்றது. கரண்டு வந்ததும் மறுபடி ஆரம்பித்தது. எனக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, ஒங்க செட்ட நிப்பாட்டுங்க."

நிப்பாட்டினார். அமைதி. போட்டார். ஊளை.

அவருக்கு முகமெல்லாம் பல். "மூக்கணாங்கயிறு இல்லாம வால்வு தானா விசிலடிக்குது, நாகஜோதி. நம்ம காதுக்கு எட்டாது, நாய்க்கு எட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்கன ஒரு மனுசன் சாகக் கெடக்காரு. ரெசிஸ்டரப் பழையபடி பத்தவச்சுட்டு, போயி அவருட்ட சொல்லுங்க."

ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். நாய்கள் கலைந்தன. மகேஸ்வரி அடுப்படியில் இருந்த நேரமாகப் பார்த்து மாமா காதில் விசயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். ஊளை அடங்கியதில் மகேஸ்வரிக்கு உயிர் வந்தது. "அய்யாவுக்குக் கண்டம் தப்பிருச்சு, மதினி. சாயங்கால பஸ்ஸுக்குப் போறேன்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா கொல்லைப்பக்கமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார்.

"ஏலே வினோத்து, பாட்டு மந்தமா இருக்கே. முன்னாடி நல்லா இருந்துச்சு."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் என் வீட்டுக்காரர் ஏங்கிக் கிடந்தார். கண் கலங்கிவிட்டது. "ரெசிஸ்டர்தான் சித்தப்பா."

"அப்பக் கழட்டிரு. மகேசுட்ட மட்டும் சொல்லாத."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ஜன்னல் வழியாக, மகள் துணி மடிக்கிற எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகப் போய்விட்டது.

"கழட்டுங்க, பஸ்ஸு வந்துரும்" என்றேன். "மாமா, நீங்க ஓடிப்போய்ப் படுங்க."