நாலு பர்சன்ட் சார்ஜ்

ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தாடி என்று எல்லாரும் கூப்பிடுகிறவனுக்கு வேலை கிடைத்து எட்டு மாதம். அதற்கு முன் பதினாலு மாதம் வீட்டில் இருந்தான். மாமனார் போன் போட்டு "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்கும்போதெல்லாம் குளியலறைக்குள் புகுந்துகொள்வான். "குளிக்கிறார்ப்பா" என்று மனைவி சொல்வது பொய்யாகிவிடக் கூடாதே என்று இரண்டு சொம்பு ஊற்றியும் கொள்வான். அந்த நாட்களில் அவனளவுக்குச் சுத்தமான மனிதன் ஊரில் இல்லை.

அதனால் எச்.ஆர். மேடம் கூப்பிட்டு ஒரு காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தபோது, முதலில் காதில் கேட்டது குழாய்ச் சத்தம்தான்.

காகிதத்தில் அவன் போட்ட ஸ்டேட்டஸ். "என் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்" என்று மேனேஜர் தன் அறை வாசலில் மாட்டிய பலகை, அதற்குக் கீழே தொங்கும் பூட்டு. அடியில் ஒரு வரி: "சாவி வேணும்னா உள்ளே வந்து கேளுங்க."

"நடத்தை விதிகள், பக்கம் முப்பத்தொண்ணு. சோஷியல் மீடியாவுல கம்பெனியைக் கேலி பண்ணக் கூடாது. படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

போட்டது உண்மை. சேர்ந்த அன்று அந்த நாற்பத்தாறு பக்கத்தை அவன் புரட்டியபோது, "இதையெல்லாம் யாராவது படிப்பாங்களா மச்சான்?" என்று பேனாவை நீட்டியவன் பக்கத்து சீட்டுக்காரன். அவன் போனில் எந்நேரமும் நாலு பர்சன்ட் சார்ஜ்தான் இருக்கும். பேரும் அதுவாகவே நின்றுவிட்டது. எட்டு மாதமாக அந்தப் போன் உயிர் வாழ்வதே தாடியின் சார்ஜரில்.

"மேடம், இதை மூணு பேர் மட்டும் பாக்கற மாதிரிதான் வெச்சேன். என் மனைவி, என் அக்கா..."

மூன்றாவது ஆளைச் சொல்லும் முன் கண் காகிதத்தின் மேல் மூலைக்குப் போனது. ஸ்கிரீன்ஷாட்டில் பேட்டரியும் விழுந்திருந்தது. நாலு. பக்கத்தில் குட்டி மின்னல். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

நம்ம சார்ஜர்ல, என்று நினைத்துக்கொண்டான் தாடி.

"அந்த வரியை எழுதிக் குடுத்ததே அவன்தான் மேடம். போட்டோ மட்டும்தான் என்னுது."

மேடம் பரிதாபமாகப் பார்த்தார். "அதையும் அவர் முன்னாடியே சொல்லிட்டார். கேட்டா என் மேல பழி போடுவான், பாவம், பெரிசா எடுத்துக்காதீங்கன்னு."

அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சீட்டுக்கு வந்தான். நாலு பர்சன்ட் ஹெட்செட்டை இறக்கிவிட்டுத் தோளில் கை வைத்தான்.

"எவன்டா போட்டுக் குடுத்தது? சொல்லு, அவனை நான் பாத்துக்கறேன்."

"பாரு. பாத்ரூம்ல கண்ணாடி இருக்கு."

கை இறங்கியது. "டீம் லீடர் போஸ்ட் ஒண்ணுதான் மச்சான். லிஸ்ட்ல நாம ரெண்டு பேர்." மணி கேட்டால் சொல்வது மாதிரிச் சொன்னான்.

தாடி சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டான். குனிந்து சார்ஜரைப் பிடுங்கினான்.

"டேய், சாயந்திரம் வரைக்குமாவது இருக்கட்டுமேடா." நாலு பர்சன்டின் முகம் தொங்கிப்போனது. "நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் நினைக்கவே இல்ல."

நிஜமாகவே மனசு நொந்துபோயிருந்தான்.

தாடி தெருவுக்கு வந்தபோது போன் அடித்தது. மாமனார். சுற்றிலும் பார்த்தான். புகுந்துகொள்ளக் குளியலறை எதுவும் இல்லை.

"சொல்லுங்க மாமா" என்றான்.