யாரும் பார்க்காத பெட்டி

டாக்டரம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது.

அவர் மிருக வைத்தியர். வீடில்லாத நாய்களுக்காக ஒரு காப்பகம் நடத்துகிறார். அதன் இணையதளத்தைக் கவனித்துக்கொள்வது என் பிழைப்பில் ஒரு பகுதி. இத்தனை நாளும் நாய்களைப் பற்றி எழுத அதில் ஒரு வெற்றுக் கட்டம்தான் இருந்தது. தடித்த எழுத்து வராது, நிறம் வராது. படம் போட வேண்டுமென்றால் எனக்கு அனுப்பிவிட்டு என் கோபம் தணியும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

"மெயில்ல எழுதுற மாதிரி எழுதணும் தம்பி. நடுவுல நானே படம் போட்டுக்கணும்" என்றார். செய்து கொடுத்தேன். மேலே பொத்தான் வரிசை. படத்தை இழுத்து எங்கே போட்டாலும் அங்கேயே உட்காரும். அவர் போனில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் யானைக் கனம், அவற்றை இளைக்க வைத்தேன். பாதி நாய்கள் படுத்த வாக்கில் ஏறின, அவற்றையும் நிமிர்த்தி வைத்தேன்.

எல்லாம் பிடித்துப்போயிற்று, பெட்டியைத் தவிர. படம் ஏறியதும் 'இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?' என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதை நிரப்பாமல் 'வெளியிடு' பொத்தான் அசையாது.

"படத்துல என்ன இருக்குன்னு படத்தப் பாத்தா தெரியாதா?" என்று போனில் கத்தினார்.

நேரில் போய் விளக்கினேன். பார்வையில்லாதவர்களுக்குக் கணினி பக்கத்தை வாசித்துக் காட்டும், படம் வரும் இடத்தில் இந்த வரியைத்தான் வாசிக்கும், வரி இல்லையென்றால் அவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்றெல்லாம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அவர் ஒரு நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அது ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது. என் பிரசங்கத்தில் "தளத்துல அந்த வரி கண்ணுக்குத் தெரியாது டாக்டரம்மா" என்ற ஒரு வரி மட்டும்தான் அவர் காதில் ஏறியது.

"அப்ப யாரும் பாக்க மாட்டாங்க. சரி, எதையோ எழுதித் தொலைக்கிறேன். ஆனா இந்த மாசத்தோட அத எடுத்துடுங்க. இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்குறேன்."

என் அக்காவுக்குக் கண் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உருகிப்போயிருப்பார். சொல்ல மாட்டேன். "என்னக் காட்டி யார்கிட்டயும் இரக்கம் வாங்காதடா" என்பது அக்கா போட்ட சட்டம். அவள் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். அவள் சட்டத்தை மீறி எங்கள் வீட்டில் யாரும் தப்பியதில்லை.

அக்காவுக்கு ஒரு நாய் வேண்டும். வழிகாட்டுவதற்கல்ல, அதற்குக் கைத்தடி போதும் என்பாள். வீட்டில் கூட இருக்க ஒரு நாய். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"எனக்கு எந்தக் கலர் நல்லா இருக்கும், எந்தக் குடை வாங்கணும், சோபாவ எங்க போடணும், எல்லாத்தயும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நாயையாச்சும் நானே பாத்து எடுத்துக்குறேன்."

பழைய தளத்தில் அவளால் அது முடிந்ததில்லை. படம் வரும்போதெல்லாம் கணினி, கோப்பின் பெயராக இருந்த ஏதோ ஒரு நீளமான எண்ணை வாசிக்கும், அவள் சலித்துப்போய் மூடிவிடுவாள். பெட்டி போனால் மறுபடியும் அந்த எண்தான். அதனால் மாசக் கடைசி நெருங்கியும் நான் பெட்டியைத் தொடவில்லை. வேறு ஆள் வந்தால் வரட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

ஒரு சாயங்காலம் அக்கா அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். தனியாகச் சிரிக்கிற ஆளே இல்லை அவள். எட்டிப்பார்த்தேன்.

"வாடா, உக்காரு. உங்க டாக்டரம்மா பெரிய ஆளுடா" என்று காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். கணினி, உணர்ச்சியே இல்லாத குரலில் வாசித்தது.

"முதலாளி. ஆறு வயது ஆண் நாய். அமைதியானவன், அன்பானவன். எந்த வீட்டுக்கும் பொருத்தமானவன். படம்: முதலாளி என் நாற்காலியில். இறக்கப் பார்த்து மூன்று பேர் தோற்றோம். குறட்டை தெருமுனை வரை கேட்கும். ஓடு என்றால் உட்காருவான், உட்கார் என்றால் படுப்பான்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று டாக்டரம்மா அந்தப் பெட்டிக்குள் தன் மனசைக் கொட்டி வைத்திருந்தார். வெளியே இருந்தது விளம்பரம், உள்ளே இருந்ததுதான் நாய். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

"இதயும் கேளு" என்று முதலாளியின் அடுத்த படத்துக்குப் போனாள் அக்கா.

"படம்: இரண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டான். சோம்பேறி என்றார்கள். இதில் அவன் கேமராவைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கிறான். யாரும் வரவில்லை."

அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"இவன்தான்டா."

"சோம்பேறிங்குறாங்களேக்கா."

"எனக்கு அதுதான் வேணும். கால்ல வந்து விழாம ஒரு இடத்துல கிடப்பான். குறட்டை விட்டா எங்க கிடக்கான்னு தெரியும். வேற எந்த நாயைப் பத்தி எனக்கு இவ்வளவு தெரியும், சொல்லு?"

மறுநாள் காப்பகத்துக்குப் போனோம். அக்காவின் கைத்தடியைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் குரல் தேனாகிவிட்டது. ஒரு குட்டியைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தார். "எங்ககிட்ட இருக்குற ஒரே குட்டி இதுதான். தொட்டுப் பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கும். உங்களுக்கு இதுதான் சரியா வரும்."

அக்காவின் உதடு இறுகியது. இங்கேயும் ஒருவர் முடிவு செய்துவிட்டார். அவள் குட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டுச் சொன்னாள், "இது தண்ணித் தொட்டியிலயே ஒண்ணுக்குப் போகுமாமே."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் டாக்டர். படத்துல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நகம் வெட்டிய அன்று நான் சொன்னதெல்லாம் அப்போதுதான் அவர் காதில் வரிசையாக ஏறியிருக்க வேண்டும்.

"எல்லாமே கேட்டுச்சா?"

"ஒண்ணு விடாம."

"எங்க காப்பகக் கமிட்டித் தலைவர் வந்தப்ப எடுத்த படம்?"

"'தலைவர் நடுவில். நாயைத் தொடவே இல்லை, கையை மட்டும் கழுவினார்.' அதயும்தான்."

டாக்டரம்மா அப்படியே நாற்காலியில் உட்காரப் போனார். அங்கே முதலாளி கிடந்தான். தடுமாறி எழுந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எனக்கு இவன் வேணும் டாக்டர்" என்றாள் அக்கா, குறட்டை வந்த பக்கம் திரும்பி. "நல்லாப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

டாக்டரம்மா முதலாளியின் கழுத்துக் கயிற்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். வாசலில் அக்காவையும் அவனையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

விடுவேனா நான்? "மாசம் முடியப் போகுது டாக்டரம்மா, பெட்டிய எடுத்துடவா?"

"வாய மூடுங்க தம்பி. இடம் பத்தல. அதக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க."

சாயங்காலமே படம் தளத்தில் ஏறிவிட்டது. தலைவரின் படத்துக்கு 'தலைவர் நாய்களுடன்' என்று புது வரி வந்திருந்தது. அக்கா அதைக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு முதலாளியின் புதுப் படத்துக்குப் போனாள். கணினி அதே சப்பென்ற குரலில் வாசித்தது.

"படம்: முதலாளி வாசலில். பக்கத்தில், அவனை நன்றாகப் பார்த்து எடுத்தவர். கதவு திறந்துதான் இருக்கிறது. அவன் அதைப் பார்க்கவில்லை."

அக்கா அதை மறுபடி ஓடவிட்டாள். மேசைக்கு அடியில் குறட்டை ஆரம்பித்திருந்ததால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாள்.