பின்னால் நடந்தவள்

இருப்புக் கொள்ளவில்லை. பல் செட் செய்யும் மேசையில் உட்கார்ந்தால் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. எழுந்தால் கை எதையாவது துடைக்கிறது. போன வாரம் ஒருவருடைய மேல்வரிசையை இன்னொருவருடைய கீழ்வரிசையோடு சேர்த்து டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் என்னைப் படுத்தும் பாடு அது. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு என்றால் எங்களுக்கு மலைதான்.

மறுபடியும் மலைக்குப் போகிறேன் என்றதும் கூடாது என்று மகள் குதித்தாள். "கண்ணைக் கட்டி விட்டாலும் உச்சிக்குப் போய்ச் சேருவேன்டி" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு தடவை மாப்பிள்ளையோடு போக வேண்டும், வழி நான்தான் காட்ட வேண்டும், தடுமாறினால் அதோடு மலையை மறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மாடிப்படியைக் கண்டாலே முகம் சுருங்கும். ஆனாலும் பாவம், வந்தார்.

எங்கள் வழக்கப்படி விடிந்ததும் கிளம்பி, ஓடை வரைக்கும் ராணி மாதிரி முன்னால் நடந்தேன். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. திருதிருவென்று விழித்தேன்.

இத்தனை வருஷமும் நான் பார்த்து நடந்தது பாதையை அல்ல, என் வீட்டுக்காரர் முதுகை. சிவப்பு நூலால் நான் தைத்துக் கொடுத்த பையின் வார், ஒரு பக்கமாகத் தேய்ந்த குதிகால், வியர்வை படரும் சட்டை எல்லாம் நினைவிருக்கிறது. வழி மட்டும் இல்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போகிற மனுஷன் வழியையும் சுருட்டிக்கொண்டா போக வேண்டும்?

மாப்பிள்ளை பார்க்காத மாதிரி ஒரு கல்லில் உட்கார்ந்து, ஒழுங்காக இருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். அந்த மரியாதை வேறு எரிச்சலைக் கிளப்பியது.

என் வீட்டுக்காரர் இங்கே வந்ததும் என்ன செய்வார்? "தண்ணி வேணுமா?" என்று ஆரம்பிப்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். உச்சி வரைக்கும் அதே கேள்விதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையை நிமிர்த்தி "வேணாம்" என்பேன். வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். குனிந்து மறுபடியும் குதிகாலைப் பார்ப்பேன்.

வலப்பக்கப் பாதையில் நின்று பார்த்தேன். வெயில் முதுகில் விழுந்தது. இடப்பக்கம் திரும்பினேன். கண் கூசியது.

மாப்பிள்ளையை வரச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே ஏறினேன். பாதை ஒருவர் போகும் அகலம்தான். திரும்பினால் கால் வழுக்கும். முன்னால் நடப்பது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எதிரே கல்லும் செடியும்தான். பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வருகிறாரா, எங்காவது விழுந்து வைத்தாரா? மகளுக்கு என்ன பதில் சொல்வேன்?

"தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேணாம் அத்தை." பக்கத்திலேயே குரல்.

என் வீட்டுக்காரர் கேட்டதுகூடத் தண்ணீருக்காக இல்லை. ஒவ்வொரு ஞாயிறும், உச்சி வரைக்கும், நான் பின்னால் இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறார். நானும் இருக்கிறேன் என்று சிடுசிடுத்திருக்கிறேன். அழுகை வந்தது. முன்னால் போகிறவளுக்கு ஒரு வசதி, முகத்தை யாரும் பார்க்க முடியாது.

உச்சியில் மாப்பிள்ளை பாறைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு மகளுக்கு போன் போட்டார்.

"அத்தைக்கு வழியெல்லாம் அத்துப்படி, தாராளமா வரலாம்" என்றார். "ஆனா வழி பூரா தண்ணி வேணுமா, தண்ணி வேணுமான்னு கேட்டே உயிர எடுத்துட்டாங்க."