ரத்னமாலா சொல்லாத படங்கள்

ஜெனித் விடியுமுன் எழுந்தான். குடத்தில் தண்ணீர் பிடித்தான். சட்டையைத் தேய்த்தான். கதவைப் பூட்டினான். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் டயானா இறந்தபின் விழுப்புரத்து வீட்டில் அவன் மட்டும்தான். மனைவி இருந்தவரை அவன் கதவைப் பூட்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடியே இட்லி தின்றுவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினான்.

அவன் பேச்சுப் பயிற்சி உதவியாளன். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குத் தெரபிஸ்ட் கவிதா பயிற்சி வகுத்துத் தருவார். தினமும் வீடு வீடாகப் போய் அதைச் செய்ய வைப்பது ஜெனித்தின் வேலை. படத்தைக் காட்டவேண்டும். பேர் சொல்லும்வரை காத்திருக்கவேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. சும்மா இருப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை.

மாலையில் கடைசி வீடு ரத்னமாலாவுடையது. "இன்னைக்கும் ஒண்ணும் வரலைன்னா ஸ்பீச்ச நிறுத்திடலாம் ஜெனித். சைகை பழகிக்கட்டும்," என்று கவிதா போனில் சொல்லியிருந்தார்.

முட்டைப் படத்தைக் காட்டினான். ரத்னமாலா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீன் படம். வெங்காயம். அட்டையை இடது கையால் தள்ளிவிட்டார். வழக்கம்போல் 'பதில் இல்லை' என்று குறித்தான்.

எட்டிப் பார்த்த கணவர் குணபத்திரன் சிரித்துவிட்டார். "இன்னா தம்பி, ஜெயின் வூட்ல வந்து மீனு முட்டை வெங்காயம்னு காட்டிக்கினு இருக்கே! நல்லா இருந்தப்பவே அந்தப் பேரெல்லாம் அவ வாயில வராது."

ஜெனித்துக்குச் சுருக்கென்றது. வராத பேச்சென்று அவன் இத்தனை நாளும் எழுதியதில் பாதி, வேண்டாத பேச்சு.

"சமையல்கட்டுல இருக்கறது எதையாச்சும் கொண்டாங்க சார்."

ஒரு பிடி வேர்க்கடலை வந்தது. ரத்னமாலா உள்ளங்கையில் வைத்து உருட்டினார். உதடுகள் ஒட்டின, பிரிந்தன. குணபத்திரன் சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சொல்லாதீங்க சார். அம்மாவே சொல்லட்டும்."

வெகுநேரம் கழித்து வந்தது. "மல்... லாட்ட." வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர்.

ஜெனித் வாசலுக்கு வந்து கவிதாவை அழைத்தான். "நிறுத்த வேணாம் மேடம். நான்தான் தப்பா காட்டிக்கினு இருந்தேன்."

உள்ளே குணபத்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பொழுது சாயறதுக்குள்ள நாங்க சாப்ட்ருவோம் தம்பி. நீயும் உக்காரு, ஜல்தி."

"இல்ல சார், வூட்ல காத்துக்கினு இருப்பாங்க." எல்லா வீட்டிலும் சொல்வதையே சொல்லிவிட்டுப் பையை மாட்டினான்.

ரத்னமாலா அவன் சட்டைக் கையைப் பிடித்தார். அவன் முகத்தையே பார்த்தார். வாய் திறந்தது, மூடியது.

"தண்ணி வேணுமா?" என்று ஆரம்பித்த குணபத்திரனை ஜெனித்தின் கை தானாக உயர்ந்து தடுத்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் நின்றான்.

"வூட்ல... யா... ரு?" என்றார் ரத்னமாலா.