கோட்டுக்கு வெளியே

பெட்டியை வண்டியிலிருந்து பாதி வெளியே இழுத்த பிறகுதான், மைதானத்தின் நடுவில் ஒரு ஆள் குடையோடு நிற்பதை ஜானிஸ் பார்த்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. அப்பா மட்டும் உயிரோடு இருந்தால் அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசியிருப்பார். அப்பாவோ பெட்டிக்குள் இருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

“யாரு மாமா அது? யார் உள்ள விட்டது?” என்று டெனிஸ் மாமாவிடம் கேட்டாள்.

டெனிஸ், ஹேகர்பி வெல்ஃபேர் என்கிற கால்பந்து கிளப்பின் தலைவர். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். கறுப்பு டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர்த்து ஆடப்போகிற வெஸ்ட்பரோ சிட்டி கிளப்பின் ஆள் என்றும், நாளைய ஆட்டத்தைத் தரை தாங்குமா என்று பார்க்க வந்திருக்கிறார் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். தாங்காது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்டம் வெஸ்ட்பரோவுக்குப் போய்விடும். இருபதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு இந்தச் சேற்றில் வந்து கால் வைக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? ஒரு வாரமாக அவர்கள் மழையைத்தான் வேண்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்த ஒரு ஆட்டத்துக்காக ஹேகர்பி எத்தனை வருஷம் காத்திருந்தது என்பது வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. லீகில் இல்லாத சின்ன கிளப். தபால்காரன், சுவர் பூசுகிறவன், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை மட்டும் ஆடுகிற பையன்கள். கோப்பைப் போட்டியின் முதல் சுற்றுவரை ஒரே ஒரு தடவை போயிருக்கிறார்கள், அதுவும் ஜானிஸ் பிறப்பதற்கு முன்னால், எதிராளியின் ஊருக்கு. பத்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதையும் இந்த ஊர் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்ளும்: பதினொன்றாவதை விடவில்லையே. சொந்த மண்ணில், லீகில் ஆடுகிற ஒரு கிளப்போடு, இதுதான் முதல் தடவை.

மண் என்றால் சும்மா இல்லை. முதலாளிகள் சுரங்கத்தைப் பூட்டி ஆண்களைப் பட்டினி போட்ட வருஷம், வெறும் சாம்பல் மேடாகக் கிடந்த இடம் இது. வேலையில்லாத ஆண்கள் ஆற்றங்கரையிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்து வந்து கொட்டினார்கள். பெண்கள் குழந்தைகளின் தள்ளுவண்டியில் ஏற்றி வந்தார்கள். ஐவியின் அம்மாவும் அப்படித்தான், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டு அந்த வண்டியில் மண் தள்ளினாளாம். இறக்கிவிடப்பட்ட அந்தப் பிள்ளை, ஐவியின் அண்ணன், சாகிறவரை அந்தக் கிளப்பைத் திட்டிக்கொண்டே அதற்குச் சந்தா கட்டினார். ஐவிதான் ஜானிஸின் அம்மா. எண்பத்து நான்கு வயது. காரை விட்டு இறங்கி, டெனிஸ் பிடித்த குடைக்கடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

பிற்பாடு சுரங்கம் ஒரேயடியாக மூடிய வாரமே அப்பா ஹெட்லி இந்தப் புல்லைக் கையில் எடுத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை ஆடுகிற இருபத்திரண்டு பேரையும் நடுவரையும் தவிர ஒரு ஈ காக்கை அதன்மேல் நடந்ததில்லை. பந்து உள்ளே விழுந்தால் சுற்றிப் போய்த்தான் எடுக்க வேண்டும். கவுன்சிலர் வந்தாலும் சுற்றித்தான், பாதிரியார் வந்தாலும் சுற்றித்தான். ஜானிஸ் கல்யாணத்தன்று வெள்ளை கவுனோடு வந்து, நடுவட்டத்தில் நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். ஹீல்ஸ் குத்தும் என்று சொல்லிவிட்டார். பெற்ற மகள், ஒரே மகள். கோல் போஸ்டுக்குப் பின்னால் வலையோடு சேர்த்து எடுத்த போட்டோதான் இன்றைக்கும் வீட்டில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை என்ன கோல் கீப்பரா என்று கேட்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் குலுக்கலில் ஹேகர்பியின் பெயர் முதலில் வந்தது. முதலில் வந்தால் சொந்த மைதானம். ஊரே குடித்துக் கூத்தடித்தது. அப்பா மட்டும் டீயை வைத்துவிட்டு, கோலுக்கு முன்னால் மணல் பத்தாது என்றார். அதற்கு மறுநாளுக்கு மறுநாள் காலையில் சமையலறையில் உட்கார்ந்து ஒரு காலில் பூட்ஸை மாட்டினார். இன்னொரு காலுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை.

பாதிரியாருக்கும் மயானத்துக்கும் தோதாக வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது, ஆட்டத்துக்கு முந்தைய நாள். அப்பாவை நடுவட்டத்துக்குத் தூக்கிப் போய் ஒரு நிமிஷம் இறக்கி வைக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டது ஜானிஸ்தான். டெனிஸ் கண் கலங்கி உடனே சரி என்றார். அம்மா “உன் இஷ்டம்” என்றதோடு சரி. ஜானிஸ் அதை ஊரெல்லாம் சொன்னாள். லீட்ஸிலிருந்து அத்தை வந்திருந்தாள். வாழ்நாளெல்லாம் ஓரத்தில் நின்ற மனுஷன் ஒரே ஒரு தடவை நடுவில் இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்பாவுக்கு ஊர் செய்யப்போகிற ஒரே மரியாதை அதுதான் என்று அவள் நினைத்தாள்.

தூக்க ஆறு ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். கேப்டன் கீரன், சுவர் பூசுகிறவன், முன்னால் வலது பக்கம் நின்றான். பெட்டி தோளில் ஏறியதும் அவர்கள் மைதானத்து ஓர வெள்ளைக் கோட்டை நோக்கி நடந்தார்கள். கோட்டுக்கு ஓரடி முன்னால் ஆறு பேரும் யாரும் சொல்லாமலே நின்றுவிட்டார்கள்.

“அக்கா, ஷூவைக் கழட்டிடறோம்,” என்றான் கீரன். “சாக்ஸோட போயிடறோம். பெருசு கோவிச்சுக்க மாட்டாரு.”

சொல்லிவிட்டு ஒரு காலால் மறு காலின் ஷூவை மிதித்துக் கழற்றவே ஆரம்பித்துவிட்டான். ஜானிஸுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முன்னால் போய், கோட்டுக்கு உள்ளே ஷூ நுனியை மட்டும் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தாள். ஷூவைச் சுற்றிக் குபுக்கென்று தண்ணீர் வந்தது. எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

வெறும் ஒரு நுனிக்கே இப்படி. ஆறு ஆளும் ஒரு பெட்டியும் நடுவட்டம்வரை போய்த் திரும்பினால் மாடு உழுத மாதிரி ஆகிவிடும். அங்கே குடையோடு நிற்கிறவருக்கு வேறென்ன வேண்டும்? ஆட்டத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. ஜானிஸ் ரயில்வேயில் டிக்கெட் பார்க்கிறவள். புல்லைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இது தெரிந்தது.

டெனிஸ் பின்னாலேயே வந்து நின்றார். “அந்த ஆளே உள்ள நிக்கிறான் கண்ணு. இவ்வளவு தூரம் வந்துட்டு இனிமே யோசிக்காத. ராத்திரிக்கு நாங்க எல்லாரும் சேந்து குத்திச் சரி பண்ணிடறோம்.”

அவர் முகத்தைப் பார்த்தாலே சரி பண்ண முடியாது என்று தெரிந்தது. சரி பண்ணத் தெரிந்தவர் பெட்டிக்குள் இருந்தார்.

அவளுக்கு அப்பாமேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. செத்தும் உள்ளே விடமாட்டேன் என்கிறாரே இந்த மனுஷன். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. நாளைக்கு விருந்து வைத்திருக்கிற வீட்டில் மாவு சரியாகப் புளித்திருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி, தண்ணீர் மினுங்குகிற புல்லையே கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுத்திப் போலாம்,” என்றாள் ஜானிஸ்.

டெனிஸுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும், இந்தப் பக்கமும் கோலுக்குப் பின்னாலும் சரி, எதிரே ஓடை ஓடுகிற பக்கம் எப்படி என்று கேட்டார். அங்கே கோட்டுக்கும் இடுப்புயரக் கம்பித் தடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள்தான் நடக்கலாம். கம்பிக்கு வெளியேயும் ஒரு ஆள் அகலம்தான், அதற்கப்புறம் முள்வேலி. இரண்டு பேராகத் தூக்கிப் போக வழியே இல்லை. உள்பக்கம் வருகிறவர்கள் கோட்டுக்குள் அரையடி கால் வைத்தால் குடி முழுகிவிடாது என்றார்.

“ஒரு கால்கூட உள்ள படக்கூடாது மாமா.”

டெனிஸ் தலையை ஆட்டிவிட்டு, அம்மாவுக்குக் குடை பிடிக்கத் திரும்பிப் போனார்.

கிளம்பினார்கள். நெட்டைத் தொப்பி போட்ட இறுதிச் சடங்குக்காரர் முன்னால் நடந்தார். மயானத்துக்கு நேரமாகிறது என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. ஆனாலும் வேகமாக நடக்கவில்லை, நல்ல மனுஷன். அவருக்குப் பின்னால் பெட்டி, அதற்குப் பின்னால் ஜானிஸ். அம்மாவுக்கு முழங்கால் வலி, காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். முதல் கோலுக்குப் பின்னால் திரும்பியபோதுதான் ஜானிஸ் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

ஊர் வந்திருந்தது. நடுவட்டத்தைப் பார்க்க வசதியாக வாசல் பக்கம் கூடி நிற்கத்தான் கமிட்டி சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்? சனிக்கிழமை யார் யார் எங்கே நிற்பார்களோ அவரவர் அங்கேயே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு உடையில் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர் மூலையில். மருந்துக்கடை அக்கா தங்கைகள் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே. ஓடைப் பக்கம் முழுக்க, முள்வேலிக்கும் கம்பிக்கும் நடுவில், பழைய சுரங்கத்துக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரன்களுமாக ஒற்றை வரிசையில் நெருக்கியடித்து நின்றார்கள்.

அந்தப் பக்கம் திரும்புகிற இடத்தில் ஆறு பேரும் நின்றார்கள். கீரன் கம்பிக்கு வெளியே முதலில் நின்ற கிழவரைப் பார்த்தான். கிழவர் கைத்தடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

“இந்தப் பக்கம் எங்ககிட்ட குடுங்கடா,” என்றார்.

அப்படித்தான் நடந்தது. மூன்று பேர் கம்பிக்கு உள்ளே ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கி நடந்தார்கள். மற்ற மூன்று பேரும் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, இன்னொரு பக்கம் கம்பிக்கு வெளியே நின்றவர்களின் கைக்குப் போனது. யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. பெட்டி தன் இடத்துக்கு வந்ததும் கையைத் தூக்கித் தாங்கி, அடுத்தவர் கைக்குத் தள்ளிவிட்டார்கள். ஹெட்லி அந்தக் கம்பிக்கு மேலாகவே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, மெல்லப் போய்க்கொண்டிருந்தார். ஈரக் கைகள் மரத்தில் வழுக்குகிற சத்தமும், பாரம் வரும்போது அவரவர் மூச்சைப் பிடிக்கிற சத்தமும்தான் கேட்டன. ஒரு பெண் எட்டவில்லை என்று தடுப்பின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று விரல் நுனியால் தொட்டாள். ஒருவர் இரண்டு கையாலும் தாங்கியபோது தொப்பியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நடந்த மூன்று பையன்களும் கழைக்கூத்தாடி மாதிரி ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக வைத்து வந்தார்கள். அவர்களுடைய ஷூவுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் இருந்தது. ஒருவனும் தவறவில்லை.

நடுவட்டத்தில் இறக்கி வைத்திருந்தால் ஒரு நிமிஷம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். எந்த ராஜாவுக்கு இப்படிக் கிடைக்கும்? எங்க அப்பா, எங்க அப்பா என்று ஜானிஸ் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாவது கோலையும் சுற்றி, மறுபடி ஆறு தோளும் சேர்ந்து, வாசல் பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்கு அந்த வெஸ்ட்பரோ ஆளின் நினைவு வந்தது. அவர் இன்னும் நடுவட்டத்திலேயேதான் நின்றிருந்தார். குடையை எப்போது மடக்கினாரோ தெரியவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெஞ்சில் அவருடைய கிளப்பின் சின்னம் வைத்த விலையான கோட்டு முழுக்க நனைந்திருந்தது. அவ்வளவு பேரும் கோட்டுக்கு வெளியே நிற்க, தான் ஒருவன் மட்டும் உள்ளே நிற்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தன் காலைப் பார்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ஓரத்திலிருந்து நடுவரை அவருடைய காலடிகள் தண்ணீர் நிரம்பி வரிசையாகக் கிடந்தன.

அவர் நேராக நடந்து வந்துவிடவில்லை. முதல் பள்ளத்தில் காலை வைத்தார். பிறகு இரண்டாவதில். வரும்போது வீசி நடந்திருக்கிறார் போல, இடைவெளி அதிகம். எட்டி எட்டி, குடையைக் கீழே ஊன்றாமல் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளாடி, வந்த தடத்திலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்துத் திரும்பி வந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் தோளில் பெட்டியோடு நின்றார்கள். நெட்டைத் தொப்பிக்காரரும் நின்றார்.

டெனிஸின் குடையை விட்டு அம்மா மழையில் நடந்து கோட்டருகே போயிருந்தாள். அவர் கடைசிக் காலடிக்கு வந்து நின்றபோது அவளுக்கு எதிரே இருந்தார்.

“நாளைக்கு மூணு மணிக்கு இங்கயே ஆட வந்துடறோம்மா,” என்றார்.

அம்மா கைப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரே எட்டாகக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார்.