தலவிலப் பற்றைக்குள் கிடந்த குட்டி

“பத்து நிமிசத்துக்கு ஒருக்கா குடுக்கோணும் எண்டு நீங்கள்தானே—”

“அது குருவிக்கு, மாக்ரெட். நான் சொன்னது குருவிக்கு—”

“பசி ரெண்டுக்கும் ஒண்டுதானே. எனக்கென்ன தெரியும்.”

கொட்டாஞ்சேனை மாடிவீட்டுக் குசினியில், ஒரு சப்பாத்துப் பெட்டியின் இரு பக்கமும் கணவனும் மனைவியும் குந்தியிருந்தார்கள். உள்ளே முயல்குட்டி. வயிறு ஊதிப்போயிருந்தது.

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்க் கூடாரமடித்திருந்தபோது மாக்ரெட் கண்டெடுத்தது. பற்றைக்குள் தனியே கிடந்தது. பகல் முழுக்கப் பார்த்திருந்தாள், தாய் வரவேயில்லை. மடியில் வைத்து நாலு மணித்தியாலம் பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டாள்.

மாசியில் ஜன்னலுக்கு மேலிருந்து விழுந்த பொல்கிச்சாக் குருவிக்குஞ்சையும் அவள்தான் எடுத்தாள். இறகில்லை, கண் திறக்கவில்லை, வாய் மட்டும். இருவரும் மாறிமாறி முட்டைக்கரு ஊட்டினார்கள். அது வளர்ந்து, எதிர்க் கம்பியிலிருந்து பாடிற்று. கணவர் ஒஸ்வால்ட் பெருமையாக, “பெத்த தாய்க்கும் இவ்வளவு பொறுமை வராது” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

மிருக வைத்தியம் படிக்கும் கீழ்வீட்டு றஷ்மி வந்து பார்த்தாள்.

“என்ன குடுத்தனீங்கள், அன்ரி?”

“பால்மா. கொஞ்சம் முட்டைக்கரு.”

“எத்தினை தரம்?”

மாக்ரெட் ஒஸ்வால்டைப் பார்த்தாள். “பத்து நிமிசத்துக்கு ஒருக்கா,” என்றார் அவர்.

“குருவிக்குஞ்சு ஒண்டுமே ஏலாமல் பிறக்கிறது, அன்ரி. தாய் தகப்பன் நாள் முழுக்க ஊட்டோணும். இது மயிரோட, கண் திறந்து பிறக்கிறது. கிட்ட நிண்டா நரிக்குக் காட்டிக் குடுத்த மாதிரி எண்டு தாய் விலகித்தான் நிக்கும். பொழுதுபட்டாப் பிறகு ஒருக்கா வந்து பால் குடுத்திட்டுப் போயிரும்.”

“அப்ப இதுக்குத் தாய் இருந்ததா?”

“இருந்திருக்கும், அன்ரி.”

“மருந்து ஏதும் இருக்கா, பிள்ளை?” என்றார் ஒஸ்வால்ட்.

“படிப்பிக்கிற சேருக்கும் போன் அடிச்சுக் கேட்டனான், அங்கிள். இனி ஏலாது எண்டுதான் சொல்றார். சூடாக வச்சிருங்கோ.”

அவள் போய்விட்டாள். ஒஸ்வால்ட் பெட்டிக்குள் கை விட்டு, குட்டியின் விலாவில் இரண்டு விரலை வைத்தார். எடுக்கவில்லை.

மாக்ரெட் எழுந்து முகம் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த கைப்பையை எடுத்தாள். சுவர் மணிக்கூட்டில் பகல் ஒன்றரை.

“இப்ப வெளிக்கிட்டா பொழுதுபட முந்தி இதைத் தலவிலவுக்குக் கொண்டுபோயிரலாம்தானே?”