அப்பா ஊட்ல கீறாரு

ராயப்பன் லேத்து ஓட்டிக்கொண்டிருந்த அம்பத்தூர் கம்பெனியை இழுத்து மூடி நாலைந்து மாதம் ஆகிவிட்டது. மனைவி லூர்தம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் துணி தைக்கப் போகிறாள். வீட்டில் சோறு பொங்குவது ராயப்பன்தான். வேலை போனது காட்டுப்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கரண்டி பிடிப்பது மட்டும் தெரியக்கூடாதாம். இந்த ஆம்பளை வீறாப்புக்கு வேளாவேளைக்குச் சுடுசோறு வேண்டும், சமைத்த கையைக் காட்டத்தான் வெட்கம்.

"யாராச்சும் கேட்டா அப்பா ஊட்ல கீறாருன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத" என்று நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் ஞானகுமாரியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அன்று அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாள். டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூடத்துக்குப் போன ராயப்பன், பாடம் முடியட்டும் என்று வகுப்பு ஜன்னலோரம் நின்றார்.

உள்ளே கஸ்தூரி டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். "பெயர்ச்சொல் நான் தாரேன். அப்பா! வினைச்சொல்லை நீங்க சொல்லணும். அப்பா என்ன செய்கிறார்?"

"அப்பா தைக்கிறார்" என்றான் மஸ்தான். "அப்பா பஸ் ஓட்டுகிறார்" என்றது இன்னொரு குரல்.

ஞானகுமாரி எழுந்தாள். "அப்பா ஊட்ல கீறாரு."

'இருக்கிறார்' என்பதைத்தான் மெட்ராஸில் அப்படிச் சொல்வார்கள் என்று டீச்சருக்கு நிஜமாகவே புரியவில்லை. "கீறுகிறாரா? எதைக் கீறுகிறார்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "ஊட்ல சும்மா குந்திகினு கீறாராம் டீச்சர்! அவங்க நைனாவுக்கு வேல இல்ல!" என்று ஒருவன் கத்தினான்.

ஞானகுமாரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணும் சும்மா இல்ல! கத்திரிக்கா கீறுறாரு! கொழம்பு வெக்கிறாரு! எங்கப்பாதான் சமைக்கிறாரு!"

சொன்ன பிறகுதான் ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா கத்திரிக்காய் கீறுகிறார்" என்று டீச்சர் பலகையில் பெரிதாக எழுதினார். டிபன் பாக்ஸில் இருந்ததும் அதே கத்திரிக்காய்தான். ராயப்பன் அதைப் பள்ளிக்கூட ஆயாவின் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். மகள் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது வழியெல்லாம் உறுத்தியது.

சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"சத்தியத்த மீறிட்டேம்பா."

அவர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை.

அவள் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள்: "நாளைக்கி இறந்தகாலம் நடத்துவாங்களாம்பா. அப்ப, எங்கப்பா லேத்து ஓட்டினாருன்னு சொல்லிடுறேன். அது பொய் இல்லியே?"

பெற்ற பெண், இத்தனூண்டு பெண், தனக்கு மானம் தேடித் தருகிறாள். ராயப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வேணாம்மா" என்றார். "கத்திரிக்கா கீறினாருன்னே சொல்லு."